அடுப்படியில் எத்தனை டிகிரி?

ஏப்ரல் பிறந்தால் அந்த நோட்டீஸ் வந்துவிடும். பள்ளிக்கூட வாசலில், அங்கன்வாடிச் சுவரில், ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில், இப்போது எல்லாக் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களிலும். தலைப்பு பெரும்பாலும் 'தாய்மார்கள் கவனத்திற்கு'. படம் ஒன்று இருக்கும். சேலை கட்டிய பெண், சிரித்த முகம், கையில் தண்ணீர் டம்ளர். எதிரே குடிக்கும் குழந்தை. பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை குழந்தைகளை வெளியே விடாதீர்கள். அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். நீர்மோர், இளநீர், எலுமிச்சைச் சாறு கொடுங்கள். பருத்தி உடை உடுத்திவிடுங்கள். வீட்டிலுள்ள முதியவர்களைக் கவனியுங்கள். ஜன்னலில் ஈரத் துணி கட்டுங்கள்.

ஒவ்வொரு வரியும் மருத்துவப்படி சரி. அதில் எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை இலக்கணம் சம்பந்தப்பட்டது. கொடுங்கள், கட்டுங்கள், கவனியுங்கள் என்று வரிசையாக நிற்கும் இத்தனை வினைகளுக்கும் எழுவாய் யார்? டம்ளரை நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பெண் தானே ஒரு வாய் குடிப்பதுபோல ஒரு படத்தை நான் இதுவரை பார்த்ததில்லை.

2024 மே முதல் வாரம். குடியாத்தத்தில் அம்மா வீட்டில் இருந்தோம். வேலூரை 'வெயிலூர்' என்று சொல்லிச் சிரிக்கிற வழக்கம் உண்டு. அந்த வாரம் சிரிக்கக்கூட யாருக்கும் தெம்பில்லை. கத்திரி தொடங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரிலிருந்து அண்ணன் குடும்பம், சென்னையிலிருந்து நாங்கள், அப்பா, அம்மா என்று வீட்டில் ஒன்பது பேர். அண்ணியும் நானும் வெங்காயம் உரித்து, காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு, 'உஸ்ஸ்' என்று கூடத்துக்கு வந்து ஏர்கூலர் முன்னால் உட்கார்ந்துவிட்டோம். அடுப்பில் கறிக்குழம்பு ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம். அம்மா உள்ளே இருந்தார். ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. குக்கர் மூடியாக இருக்கும் என்று நினைத்தோம். ஐந்து நிமிடம் கழித்துத் தண்ணீர் கேட்டுப் போன என் மகள்தான், "ஆயா கீழ படுத்திருக்காங்க" என்று வந்து சொன்னாள்.

அம்மாவுக்கு அப்போது 61 வயது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அதில் ஒன்று சிறுநீரைப் பிரிக்கும் மாத்திரை. வெயில் காலத்தில் அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் நீரும் உப்பும் சீக்கிரம் இறங்கும் என்பதை ஆஸ்பத்திரியில்தான் தெரிந்துகொண்டோம். "காலையில இருந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்கம்மா?" என்று டாக்டர் கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. டாக்டர் என் பக்கம் திரும்பி, "நீங்க பாத்துக்கக் கூடாதா?" என்றார். அண்ணனும் அப்பாவும் என் கணவரும் அதே கட்டிலைச் சுற்றித்தான் நின்றிருந்தார்கள். அவர்களை அவர் கேட்கவில்லை.

இரவு, ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது அம்மா என்னிடம் மட்டும் சொன்னார்: "வீடு நிறைய ஆளுங்க. ஒரே பாத்ரூம். மாப்பிள்ளை வேற இருக்காரு. தண்ணி குடிச்சா அடிக்கடி போகணும். அடக்கவும் முடியல. அதெல்லாம் எப்படிடி சொல்றது?" நான் பிறந்ததிலிருந்து அவருக்கு அந்தத் தொல்லை இருந்திருக்கிறது. இருமினால், தும்மினால், சிரித்தால் சிறுநீர் கசியும். முப்பத்தைந்து வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. விருந்தாளிகள் வரும் நாள்களில் காலையில் ஒரு காப்பி, மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டபின் ஒரு சொம்பு. அவர் கண்டுபிடித்த வழி அது.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை 7.10க்கு, 'கோடையில் குழந்தைகளைப் பாதுகாப்பது எப்படி' என்ற நோட்டீஸை எங்கள் குடும்பக் குழுவில் போட்டவரே அம்மாதான். நாங்கள் கட்டைவிரல் போட்டோம்.

தொலைக்காட்சியில் 'வேலூரில் இன்று இத்தனை டிகிரி' என்கிறார்கள். அந்த எண் எங்கே எடுக்கப்படுகிறது? திறந்த வெளியில், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில், பலகைச் சட்டங்களுக்கு நடுவே காற்று புகுந்து போகிற ஒரு வெள்ளைப் பெட்டிக்குள். அதாவது நிழலில், நல்ல காற்றோட்டத்தில். அங்கே 40 தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால் சமவெளியில் வெப்ப அலை என்கிறது வானிலைத் துறை. கடலோரத்துக்கு அந்த எல்லை 37. சரி, இரண்டு அடுப்பு எரிகிற, ஒரே ஜன்னல் உள்ள, அந்த ஜன்னலும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்திருக்கிற அடுப்படியில் எத்தனை? அங்கே யாரும் வெப்பமானி வைத்ததில்லை. நம் உடம்பு வியர்வை காய்வதால்தான் குளிர்கிறது. சோறு கொதித்து ஆவி நிறைந்த அறையில் வியர்வை காய்வதில்லை, வழிகிறது. நோட்டீஸ் சொல்கிறபடி வெளியே போகாமல் வீட்டுக்குள் இருந்தவர்தான் என் அம்மா. பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வீட்டின் மிகச் சூடான அறையில் இருந்தார்.

எங்கள் வீட்டு அடுப்படியில் ஃபேன் கிடையாது. பெரும்பாலான வீடுகளில் கிடையாது. ஃபேன் போட்டால் கேஸ் தீ அலையும், அணையும். எங்கள் ஊரில் பல வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். அவர்களும் ஃபேன் போடுவதில்லை. இலை காய்ந்து சுருளும், தூள் பறக்கும். சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே, முறம் மடியில், மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அப்போது எனக்கு அது விசித்திரமாகவே தோன்றியதில்லை. கூடத்திலிருந்து ஆண்கள் எழுந்துபோன பின்னும் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால் போய் நிறுத்துகிறவளும் அம்மாவாகத்தான் இருப்பாள். கரண்ட் பில்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வேலை செய்யும் இடத்தில் போதுமான காற்றோட்டம் வேண்டும், தாங்கக்கூடிய வெப்பநிலை வேண்டும் என்று எழுதியது. 250 பேருக்கு மேல் வேலை செய்தால் வெயில் காலத்தில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்றது. ஆண்கள், பெண்கள் இருவருக்கும் கழிப்பறை வேண்டும் என்றது. எந்த அளவு நடந்தது என்பது வேறு கதை. சூட்டில் நிற்பது வேலையின் ஒரு பகுதி, அதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்ற எண்ணமாவது அதில் இருந்தது. வீட்டு அடுப்படிக்கு அந்த எண்ணமே வந்து சேரவில்லை. அங்கே நடப்பது வேலை என்று ஒப்புக்கொண்டால்தானே வரும்? ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் ஒரு பெண் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம். ஈடுபடும் ஆண் 88 நிமிடம். ஈடுபடாத ஆண்கள் இந்தச் சராசரிக்குள்ளேயே வரவில்லை.

மே மாதம் வந்தால் நம் எழுத்தாளர்களுக்கும் முகநூல்காரர்களுக்கும் ஒரு நோய் வரும். பாட்டி வீட்டுக் கோடை. நுங்கு, மாம்பழம், கிணற்றுக் குளியல், மொட்டை மாடியில் காயும் வடகம், அதைத் திருடித் தின்ற கதை. படிக்க இனிக்கும். நானும் எழுதியிருக்கிறேன். அந்த வடகத்துக்கு விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கூழ் காய்ச்சியது யார், வெயில் ஏறுவதற்குள் பிழிந்து முடித்து, உச்சி வெயிலில் காக்கை விரட்டி, திருப்பிப் போட்டு, சாயங்காலம் அள்ளியது யார் என்று அந்தக் கதைகளில் இருக்காது. ஊறுகாய், மோர் மிளகாய், மிளகாய்த் தூள், வற்றல் என நம் சமையலறை நாள்காட்டி தன் ஆண்டு வேலையில் பாதியைக் கத்திரி வெயிலுக்கென்றே எடுத்து வைத்திருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் பாட்டிக்கு மூன்று மடங்கு சோறு. நம் குழந்தைப் பருவத்தின் அத்தனை குளிர்ச்சியும் ஒரு கிழவியின் முதுகில் இறங்கிய சூடு. இதை நினைக்காமல் இனி என்னால் ஒரு நுங்கைச் சாப்பிட முடியவில்லை.

தண்ணீருக்கு வருகிறேன். 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று சொல்லும் எவரும் அடுத்த வரியாக 'எங்கே போவீர்கள்?' என்று கேட்பதில்லை. வயலில் களையெடுப்பவள், சாலை போடுகிறவள், தெருக் கூட்டுகிறவள், வெயிலில் நாள் முழுக்கச் சந்தியில் நிற்கும் பெண் காவலர், தூத்துக்குடி உப்பளத்தில் கண் கூசும் வெள்ளை வெளியில் மறைவுக்கு ஒரு செடிகூட இல்லாமல் உப்பு வாருகிறவள், இவர்கள் எல்லோரும் காலையிலேயே கணக்குப் போட்டுவிடுகிறார்கள்: எவ்வளவு குறைவாகக் குடித்தால் மாலை வரை தாங்கலாம் என்று. ஜவுளிக் கடைப் பெண்களுக்கு உட்கார ஒரு இருக்கை வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021இல் தனியாகச் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. தண்ணீர் குடிக்கும் உரிமைக்கும் அதற்கடுத்துப் போகும் உரிமைக்கும் இன்னும் எத்தனை வருடமோ.

கோடையில் கட்சிகள் போடும் நீர்மோர்ப் பந்தலைப் பாருங்கள். தலைவர் படம், பானை, தர்பூசணி, திறப்பு விழாப் புகைப்படம். பந்தலைச் சுற்றி நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அவர்களுக்குச் சுவர் இருக்கிறது. கழிப்பறையோடு சேர்த்துப் போட்ட ஒரு பந்தலை எந்தக் கட்சியாவது திறக்கட்டும், நானே போய் ரிப்பன் பிடிக்கிறேன்.

கைக்குழந்தை விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் கொடுமை. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், எவ்வளவு வெயில் அடித்தாலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தண்ணீர் கொடுத்தால் குழந்தை பால் குடிப்பது குறையும், சுத்தமில்லாத தண்ணீர் என்றால் வயிற்றுப்போக்கும் வரும். ஆகவே அந்தக் குழந்தைக்கு வெயிலில் வேண்டிய நீர் முழுவதும் தாயின் உடம்பு வழியாகத்தான் போக வேண்டும். அவளுக்குத்தான் கூடுதலாகத் தண்ணீர் வேண்டும். நம் வீடுகளில் நடப்பது என்ன? குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து ஊற்றுகிறார்கள். ஜன்னலை அடைக்கிறார்கள். காதில் பஞ்சு வைத்துத் தலையில் துணி கட்டுகிறார்கள். பிறகு குழந்தை அழுதால், "பால் பத்தல" என்று அவளையே குற்றம் சொல்கிறார்கள்.

அதற்கு முன்னும் இருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2024இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற கடும் வெப்பமுள்ள இடங்களில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதுமான ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. குழந்தையை வெயிலிலிருந்து காப்பாற்றுவது என்றால் அங்கிருந்து தொடங்க வேண்டும். சூளை முதலாளியிடம், ஒப்பந்தக்காரரிடம், நூறு நாள் வேலைக்கு நேரம் குறிப்பவரிடம் பேச வேண்டும். 'தாய்மார்கள் கவனத்திற்கு' என்ற தலைப்பில் அவர்கள் எவரும் வருவதில்லை.

இரவைப் பற்றி எந்த நோட்டீசும் பேசுவதில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட்டும் ஷீட்டும் ராத்திரி முழுக்க அதைக் கக்கும். உடம்பு பகல் சூட்டிலிருந்து மீள்வது இரவில்தான். இரவும் குளிராவிட்டால் மறுநாள் வெயிலை அது ஏற்கெனவே களைத்துப்போய்ச் சந்திக்கும். எங்கள் தெருவில் மே மாத இரவுகளில் ஆண்கள் வாசலில் கட்டில் போட்டுப் படுப்பார்கள். பையன்கள் மொட்டை மாடிக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடுவார்கள். பெண்கள்? கதவைச் சாத்தி, தாழ் போட்டு, கொசு, புழுக்கம், கரண்ட் போனால் கையில் விசிறி. நைட்டி, அதன் மேல் ஒரு துண்டு. பதின்மூன்று வயதில் எனக்கு மாடி நின்றது. அண்ணனுக்கு இன்றுவரை நிற்கவில்லை. வானத்துக்கு அடியில் படுத்தால் ஒரு பெண்ணுக்கு என்ன நேரும் என்ற பயத்தை இந்தச் சமூகம் உருவாக்கி வைத்திருக்கிறது. அதற்கான விலையைப் பெண்கள் தூக்கத்திலும் வியர்வையிலும் கட்டுகிறார்கள்.

(பெண் குழந்தைகளுக்கு வெயிலைப் பற்றி முதலில் சொல்லித்தரப்படுவது எது தெரியுமா? "வெயில்ல ஆடாத, கருத்துப் போயிடுவ." மயக்கம் வரும், நீர் இறங்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. என் அண்ணன் மயங்கி விழலாம், கருக்க மாட்டான் போலிருக்கிறது.)

வெயில் அதிகமானால் அரசுக்குத் தெரிந்த முதல் மருந்து பள்ளியை மூடுவது. 2023இலும் 2024இலும் ஜூன் திறப்பு தள்ளிப்போனது. குழந்தைகளை எரிகிற வெயிலில் நடத்தி, ஃபேன் ஓடாத வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பள்ளியை மூடினால் அந்தக் குழந்தைகள் எங்கே போகிறார்கள்? ஷீட் போட்ட வீட்டுக்கு. அங்கே அவர்களைப் பார்த்துக்கொள்ள யாருக்கு வேலை போகிறது? தாய்க்கு. அல்லது பத்து வயது அக்காவுக்கு. சித்தாள் வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி என்னிடம் சொன்னாள், "லீவு விட்டா புள்ளைய சைட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போறேன், மணல் மேல விளையாடும்." வகுப்பறையைவிட மணல் குளுமையா? இன்னொரு பக்கம் அங்கன்வாடி ஊழியர்கள். பள்ளிகளுக்குப்போலத் தங்களுக்கும் மே மாதம் முழு விடுமுறை வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கோரிக்கை. குறைந்த மதிப்பூதியத்துக்குச் சூடேறிய சிறு கட்டிடத்தில் சமைத்து, இருபது சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பவர்களும் பெண்கள். அந்தப் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களும் பெண்கள். ஒருத்திக்கு விடுமுறை கொடுத்தால் இன்னொருத்திக்குக் கூலி போகிறது. இந்த இருவரையும் மோதவிட்டுவிட்டு அரசு நடுவர் போல உட்கார்ந்திருப்பதுதான் எனக்குக் கோபம். கூரைக்கு வெள்ளை அடித்து, ஓடும் ஃபேனும் குடிநீரும் கழிப்பறையும் கொடுத்து, ஊழியர்களை முறைவைத்து விடுமுறையில் அனுப்பினால் தெருவிலேயே குளிர்ந்த இடம் அங்கன்வாடியாக இருக்கலாம். அதற்குப் பணம் வேண்டும். தாய்மார்களின் கவனம் மட்டுமே இலவசம்.

வெள்ளை அடிப்பது என்றதும் சிரிக்க வேண்டாம். அகமதாபாத்தில் மகிளா ஹவுசிங் டிரஸ்ட் என்ற பெண்கள் அமைப்பு குடிசைப் பகுதி வீடுகளின் தகரக் கூரைகளுக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்துப் பல ஆண்டுகளாக வேலை செய்துவருகிறது. உள்ளே சில டிகிரி இறங்குகிறது. தெலங்கானா 2023இல் இதற்கென்றே ஒரு குளிர்கூரைக் கொள்கை கொண்டுவந்தது. அதே குஜராத்தில் பிறந்த சேவா, முறைசாராப் பெண் தொழிலாளர்களின் சங்கம், 2024 கோடையில் ஏறத்தாழ 50,000 உறுப்பினர்களை வெப்பக் காப்பீட்டில் சேர்த்தது. வெப்பம் எல்லை தாண்டியதும் ஆளுக்கு 400 ரூபாய் கணக்கில் விழுந்தது. 400 ரூபாய் என்ன பெரிய தொகையா என்று கேட்பவர்கள், அன்றாடம் கூலி வாங்கும் பெண்ணிடம் போய்க் கேளுங்கள். 'வெயிலில் போகாதே' என்ற அறிவுரையைக் கடைப்பிடிக்க அவளுக்கு வேண்டியது அந்த ஒரு நாள் கூலி.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: சாலையில் விழுந்து இறந்தால் வெயிலால் இறந்தார் என்று ஊர் சொல்லும். அடுப்படியில் விழுந்து இறந்தால்? அன்று என் அம்மா எழுந்திருக்காவிட்டால் நாங்களே என்ன சொல்லியிருப்போம்? "பிரஷர் இருந்துச்சு, ஹார்ட் அட்டாக்." வீட்டுக்குள்தானே இருந்தார், வெயிலுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நான்கூட நினைத்திருப்பேன். வீட்டுக்குள் சாகிற பெண்ணை இந்தப் பேரிடர்க் கணக்கில் சேர்க்க வழி இருக்கிறதா?

"எல்லாத்துக்கும் பெண்ணியமா? பிள்ளைக்குத் தண்ணி கொடுக்கறதுல என்ன ஆணாதிக்கம்?" என்று ஓர் உறவினர் என்னைக் கேட்டார். கேட்கும்போது அவருடைய மனைவி அவருக்கு மோர் கொண்டுவந்து வைத்தார். நான் பதில் சொல்லவில்லை, மோரைப் பார்த்தேன்.

நோட்டீஸே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வேண்டும். முகவரியை மாற்றி எழுத வேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: வீட்டிலுள்ள ஆண்களே, குழந்தையின் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறதா, ஆறேழு மணி நேரமாகப் போகவே இல்லையா, அழுதால் கண்ணீர் வரவில்லையா என்று நீங்கள் பாருங்கள். அது உங்கள் குழந்தையும்தான். பிள்ளைகளின் உடம்பு பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடேறும்; "விளையாட்டு மும்முரத்துல தாகமே தெரியாது" என்பது உங்களுக்கும் தெரிந்ததுதான். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை நீங்களே கடைக்குப் போய் வாங்குங்கள், உறையில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று இருக்கிறதா எனப் படியுங்கள், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் மொத்தத்தையும் ஒரே தடவையாகக் கரையுங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. (சர்க்கரைப் பானங்களுக்கு ஓ.ஆர்.எஸ். என்று பெயர் வைத்து விற்றார்கள், பல ஆண்டுகள். அதை எதிர்த்து ஓயாமல் போராடியவர் ஹைதராபாத்தின் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ், ஒரு பெண். 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைத் தடுத்தது.) யாராவது உளறினால், தடுமாறினால், உடம்பு கொதித்து நினைவு தப்பினால் அது வெப்பத் தாக்கம், காய்ச்சல் மாத்திரை அதற்கு உதவாது. 108ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், விசிறுங்கள், அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

அதன் கீழே பெரிய எழுத்தில் இன்னொன்று எழுதுவேன். சமைப்பவர் குடித்தாரா என்று பாருங்கள். பதினொரு மணிக்குள் அடுப்பை அணைத்துவிடுங்கள், மத்தியானம் பழைய சோறும் மோரும் சின்ன வெங்காயமும் போதும், உங்கள் நாக்கு இரண்டு மாதம் கறிக்குழம்பு இல்லாமல் பிழைக்கும். விருந்தாளியாகப் போகும் இடத்தில் நீங்கள் சமையுங்கள். மாமியார் வீட்டில் ஒரே கழிப்பறை என்றால், மருமகன்களே, அதன் முன்னால் கிடக்கும் நாற்காலியிலிருந்து எழுந்து கொஞ்சம் வெளியே போய் உட்காருங்கள்.

என் கணவரிடம் இந்தக் கடைசி வரியைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் அங்கதான உக்காந்திருந்தேன்" என்றார்.

2025 மே மாதம் மறுபடியும் போனோம். அதே ஒன்பது பேர். அம்மாவைக் கூடத்தில் உட்கார வைத்தோம். அவருக்கு அது பிடிக்கவில்லை, இரண்டு தடவை எழுந்து எட்டிப் பார்த்தார், உப்பு எங்கே இருக்கிறது என்று சத்தம் போட்டுச் சொன்னார். டாக்டரைப் பார்த்து இடுப்புத் தசைக்குப் பயிற்சி கற்றுக்கொண்டிருக்கிறார், பக்கத்தில் சொம்பு இருந்தது. அப்பா 1994இல் வாஸ்து பார்த்துத் தென்கிழக்கு மூலையில் கட்டிய அந்த அடுப்படியில் அண்ணன் நின்றான். வெறும் சோறும் ரசமும்தான். பத்து நிமிடம் இருக்கும். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே தலையை நீட்டினான்.

"ஏம்மா, இங்க ஏன் ஃபேனே இல்ல?"

வீடு கட்டி முப்பத்தொரு வருடம். அடுத்த வாரமே எக்ஸாஸ்ட் ஃபேன் வந்துவிட்டது.